உங்கள் கிரீடத்தின் அடியில் எழுதவேண்டிய பெயர்

என் அவருக்கு,

நீங்கள் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிப் பேழை நமக்குக் கிடைத்துவிட்டது. டவுன் மியூசியத்தில், மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்திகளைத் தாண்டி, ஜன்னலோரமாக வைத்திருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை திறந்தார்கள். மாலை, சொற்பொழிவு, ரோஜா சர்பத் எல்லாம் இருந்தன. உங்கள் கிரீடம் மட்டும் அதில் இல்லை. அது இங்கே நம் கூடத்து மேசைமேல் மல்துணி சுற்றியபடி இருக்கிறது. நான்தான் திருப்பி எடுத்துவந்தேன்.

அன்று முதல் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இதையெல்லாம் உங்கள் கல்லறைக்கு வந்து சொன்னேன். சொன்னபிறகும் தீரவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்களாம். வீடுவீடாகப் போய் விளக்கம் சொல்லும் பெண் நான் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுவதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். கேட்க விரும்புகிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் போனபிறகு கலைச் சபையின் தலைவர் நாற்காலியில் அம்பலவாணர் உட்கார்ந்தார். நல்ல மனிதர். அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தா என்பதால் துரைமாரிடம் பேசத் தெரியும். பேழை தருகிறோம் என்று மியூசியத்துத் துரை சொன்னது அவருடைய முயற்சியால்தான். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பொருள் சேர்ப்பது எளிதாக இல்லை. மதராஸிலிருந்து வந்த நம் ஜனங்களுக்கு மியூசியம் என்றால் 'செத்த காலேஜ்'தானே. பாடம்பண்ணிய புலிக்குப் பக்கத்தில் தன் வீட்டுக் குத்துவிளக்கை வைக்க யாருக்கு மனம் வரும்? காதர் மரைக்காயர் தம் தகப்பனாரின் கப்பல் மணியைக் கொடுத்தார். யாரோ ஒரு நாயனம் கொடுத்தார்கள், சீவாளி இல்லாமல். பேழை பாதிக்குமேல் காலி.

அப்போதுதான் அம்பலவாணர் நம் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, அண்ணர் ராசா வேசத்துக்குப் போட்ட முடி இருக்கெல்லே, அதைத் தாங்கோ. நடுவிலை அதை வைச்சால்தான் பேழைக்கு ஒரு களை வரும்" என்றார்.

கொடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை. கட்டை கடைந்து, கண்ணாடிச் சில்லு பதித்து, பொன்தாள் ஒட்டிய அந்தக் கிரீடத்தை நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது தேக்கா பக்கத்து மாட்டுக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்களே. அது டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதைவிட நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இன்னுமொண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் முன்னாலை ஒரு அட்டை வைக்கவேணும். உங்கடை எழுத்துப்போலை வடிவான எழுத்து இந்த ரோட்டிலை ஆருக்கு இருக்கு? துரை வாசகம் தந்திருக்கிறார். பார்த்து எழுதித் தந்தால் போதும்."

கான்வென்டில் மதர் என் விரலைப் பிடித்துப் பழக்கிய எழுத்து அது. பெருமையாகத்தான் இருந்தது. அட்டைகளை வெட்டி, நல்ல மை வாங்கி, வெளிச்சம் விழும் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். முதல் வாசகத்தைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'கிளிங் நடிகன் அணியும் தலையணி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்தது 'கிளிங் வணிகனின் மணி'. எல்லாவற்றிலும் அதே வார்த்தை.

இந்த ஊரில் நம்மவரைக் கூப்பிடும் அந்த வார்த்தை எங்கே கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டிக்காரன் வழிவிடாவிட்டால் கேட்கும். கூலிக்காரன் மூட்டையைத் தவறவிட்டால் கேட்கும். விலங்கு பூட்டிக் கொண்டுவந்து இங்கே ரோடு போட வைத்தார்களே நம் கைதிகளை, அவர்கள் நடக்கும்போது சங்கிலி எழுப்பிய சத்தம்தான் அந்தப் பெயர் என்று பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகளே என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நான் எல்லா அட்டையிலும் 'தமிழ்' என்று எழுதினேன். மற்ற வாசகத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

சபையார் நம் கூடத்தில் கூடினார்கள். அம்பலவாணர் அட்டைகளைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"என்ன அக்கா இது? துரை தந்தது உப்பிடி இல்லையே."

"துரை தந்ததில் பிழை இருந்தது. திருத்தியிருக்கிறேன்."

"பிழையோ? அது கலிங்கம் எண்ட பெரிய தேசத்தின்ரை பெயர். சரித்திரத்திலை இருக்கு."

"வழிவிடாத வண்டிக்காரனை அடிக்கிறவன் சரித்திரம் படித்துவிட்டா கூப்பிடுகிறான்?"

மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்க கடை எங்க இருக்கு? கிளிங் தெருவுல. வாப்பா காலத்துலேர்ந்து ரிக்‌ஷாக்காரன்கிட்ட நானே அப்படித்தானே சொல்லி ஏறுறேன்? வேற பேரு சொன்னா அவன் என்னைக் கொண்டுபோயி கடல்ல எறக்கிருவான்."

"தெருப் பெயர் வேறு. உங்கள் வாப்பாவின் மணிக்கு அடியில் அந்தப் பெயர் இருந்தால், அது தெருவைச் சொல்கிறதா, வாப்பாவைச் சொல்கிறதா?"

அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும் மணியைத் திருப்பிக் கேட்கவில்லை.

அம்பலவாணருக்கு வேறு பயம். துரை மனம் மாறிப் பேழையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? "அண்ணர் எத்தினை வரிசமாய் அலைஞ்சவர். வந்த சாமானை ஒரு சொல்லுக்காகக் கைவிடுறதோ?" என்றார். அது என்னைக் குத்தியது. ஏனென்றால் அது நியாயமான கேள்வி.

உங்களையே கேட்கிறேன். ஒருமுறை நம் நாடகத்தைப் பற்றி இங்கிலீஷ் பத்திரிகையில் வந்ததை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? 'கிளிங்குகளின் கூத்து' என்று எழுதியிருந்தான். நான் தாளைக் கசக்கினேன். நீங்கள் அதைப் பிடுங்கி நீவிவிட்டு, "சொல்லிட்டுப் போகட்டும் மதலேன். கடைசிவரைக்கும் ஒக்காந்து பார்த்திருக்கான்ல?" என்று சிரித்தீர்கள். இன்று நீங்கள் இருந்தால் அப்படித்தான் சிரித்திருப்பீர்களா? அட்டையோடு கிரீடத்தை வைத்துவிட்டு வந்திருப்பீர்களா? இதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. உங்கள் பொருளை உங்கள் விருப்பத்துக்கு மாறாகவே காப்பாற்றுகிறேனோ என்ற சந்தேகம்.

துரையை நேரில் பார்க்கப் போனேன். அம்பலவாணர் வாசலிலேயே, "நான் கதைக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றார். நான் பேசினேன். துரை மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். என் இங்கிலீஷ் அவருக்கு ஆச்சரியம். அதை மறைக்கத் தெரியாத முகம். எங்கள் புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது, 'தமிழ்' என்றால் பார்க்க வருகிறவர்களுக்கு விளங்காது என்றார்.

"விளங்காததைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா மியூசியத்துக்கு வருகிறார்கள்?" என்றேன்.

அவர் ஒரு வழி சொன்னார். 'தமிழ்' என்று எழுதுங்கள், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கிளிங்' என்று போட்டுவிடுங்கள். அம்பலவாணர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார், அவ்வளவு சந்தோஷம். இருவர் மனமும் நிறைகிறதாம்.

எனக்கு நிறையவில்லை. அடைப்புக்குறிக்குள் எதைப் போடுவோம்? வெளியே இருப்பது புரியாதவர்களுக்கு விளக்கத்தைப் போடுவோம். அப்படியானால் நாம் யார் என்பதற்கு விளக்கம் அந்த வார்த்தையா? மாட்டேன் என்றேன். கிரீடத்தைத் துரையின் அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வீடு வந்தேன். அட்டைகளை வேறு யாரோ அந்த அடைப்புக்குறியோடு எழுதினார்கள். 'வணிகன்' என்பதில் ஓர் எழுத்துப் பிழையும் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சனிக்கிழமை போகாமல் இருந்திருக்கவேண்டும். போனேன்.

நம் ரோட்டிலிருந்து அத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பால்காரர்கள், சலவைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்தப் பெரிய வாசலில் நுழையத் தயங்கி நின்று, பிறகு நுழைந்தார்கள். ஒரு பெண் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து, "ஏய், நம்ம கொட்டாங்கச்சி அகப்பைடி. கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க பாரு" என்று பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள். அவளுக்கு அட்டையைப் படிக்கத் தெரியாது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்த அடைப்புக்குறியும் தொடவில்லை.

உங்களோடு கோமாளி வேஷம் போட்ட வண்டிக்காரன் சின்னச்சாமியும் வந்திருந்தான். பேழையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"வாத்தியாரு கிரீடம் எங்கம்மா? அதுக்காவத்தான் சவாரிய விட்டுட்டு வந்தேன்."

"வீட்டில் இருக்கிறது."

"செத்த காலேஜுக்குக் குடுக்க மனசு வரலியா?"

"பெயர் சரியாகப் போடவில்லை."

அவன் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். "பேரு கெடக்கட்டும்மா. வாத்தியாரைப் பார்க்கலியே" என்றான்.

பாருங்கள், அவனும் உங்கள் கட்சிதான். நான் ஒரு வார்த்தையைக் காப்பாற்றி, அவனிடமிருந்து உங்களைப் பறித்துவிட்டேனா? அந்தப் பெண் உங்கள் கிரீடத்தைப் பார்த்திருந்தால் யாரைக் கிள்ளியிருப்பாள்?

ஆனாலும் சொல்கிறேன். அவளுடைய மகள் ஒருநாள் படிக்கத்தான் போகிறாள். அன்று அவள் அதே கண்ணாடிமுன் நின்று, அந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். உங்களைப்போல் சிரிக்க எல்லோராலும் முடியாது. நீங்கள் கிரீடம் வைத்துப் பழகியவர்.

திங்கட்கிழமை அம்பலவாணர் வந்தார். கோபமில்லை, களைப்புத்தான். கிரீடத்தைக் கொடுத்தால் எப்படியும் நடுவில் இடம் இருக்கிறது என்றார். அடுத்த கூட்டத்தில் அட்டைகளைப் பற்றிப் பேசவேண்டும், எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றேன்.

"பெண்டுகள் சபையிலை இருக்கிற வழக்கம் இல்லையே, அக்கா."

"சபைக்கு எழுதிக் கொடுக்கிற வழக்கம் மட்டும் எப்போது வந்தது?"

"ஐயோ, அண்ணர் உங்களோடை எப்பிடித்தான் குடும்பம் நடத்தினவரோ" என்று தலையில் கைவைத்தார். நாற்காலி போடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை சின்னச்சாமியை வரச்சொன்னேன். நீங்கள் போனபிறகு ராஜா வேஷம் அவன்தான் கட்டுகிறான். அவனுடையது அட்டையில் செய்த கிரீடம், மழை வந்தால் தொங்கிவிடும். உங்களுடையதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கவே பயந்தான். தலை அவனுக்குப் பெரியது, உள்துணியைப் பிரித்துத் தைக்கவேண்டும், அதுவரை அது மேசைமேல்தான். வேர்வை படாமல் முண்டாசு கட்டித்தான் வைக்கவேண்டும், ஆட்டம் முடிந்த மறுநாளே திரும்பி வரவேண்டும், கண்ணாடிச் சில்லு ஒன்று விழுந்தாலும் என் முகத்தில் விழிக்கக்கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கோமாளி தலையில் என் கிரீடமா என்று நீங்கள் கோபப்பட்டால் படுங்கள். வேறு யார் தலையில் வைத்தாலும் எனக்குத்தான் தாங்காது.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். கூட்டத்துக்கு நாற்காலி போட்டாலும் போடாவிட்டாலும் போவேன். இல்லாவிட்டால் நின்றுகொண்டு பேசுவேன். அந்த அட்டை மாறும் நாளில், வேறு யார் கையிலும் கொடுக்காமல், நானே கொண்டுபோய் உங்கள் கிரீடத்தைப் பேழையின் நடுவில் வைப்பேன். மாறாதவரையில் அது நம் ரோட்டில் ஆடிக்கொண்டிருக்கட்டும்.

செத்த பிறகும் உங்களோடு வழக்காடுவதை நிறுத்தாத
உங்கள் மனைவி
மதலேனம்மாள்