நாய்களைச் சுட விடமாட்டேன்

அன்புள்ள இலாங்குவாக்குக்கு,

உன் பெண்டாட்டி பிபாலுக் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்கிறாள், நீயே சொன்னால்தான் நம்புவேன். நான் போன் செய்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாமே. படுத்துக்கொள். இந்தக் கடிதத்தை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி எனோக்கிடம் நீ சொல்லி அனுப்பிய சேதி வந்தது. பாதத்தை வெட்டி எடுத்த வேட்டைக்காரனுக்கு நாய் எதற்கு, கடல் உறைவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சுட்டுவிடு என்றாயாம். ஓட்ட ஆளில்லாத நாய் பட்டினியில் சாவதைவிடத் தோட்டாவே மேல் என்று நம் ஊரில் செய்வதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை மாதமாக அவற்றுக்குத் தீனி போடுகிறவளை ஒரு வார்த்தை கேட்டாயா? பனி உடைந்து நீ தண்ணீரில் விழுந்த அன்று, நனைந்து விறைத்த காலோடு உன்னை வீட்டு வாசல்வரை இழுத்து வந்தது இந்த நாய்கள்தானே? அதையாவது நினைத்தாயா?

எனோக் வந்த அன்று தீனி நாள். பாறைமேல் சங்கிலியில் கட்டியிருந்த நாய்களுக்கு நடுவில் நின்று சீல் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் தோளில் துப்பாக்கி. முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "அண்ணி, தள்ளிப் போங்க. அண்ணன் சொல்லிருச்சு, நான் என்ன பண்றது?" என்றான். நான் அசையவில்லை. "சுடணும்னா உள்ள வந்து என்னை இழுத்துப் போட்டுட்டுச் சுடு" என்றேன்.

பசியோடிருக்கும் நாய்க்கூட்டத்துக்குள் தீனி போடுகிறவரைத் தவிர யாரும் கால் வைப்பதில்லை என்று அவனுக்குத் தெரியாதா? கூட்டத் தலைவன் கெர்னெக் எழுந்து நின்றது. அது எழுந்தால் மற்றவை சும்மா இருக்குமா, எல்லாம் எழுந்தன. எனோக் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு நான் காபி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவனே நாய்களுக்கு ஒரு சீல் கொண்டுவந்து போட்டான். அவன்மேல் கோபப்படாதே, கோபமிருந்தால் என்மேல் படு.

எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். முதலில் ஒன்றும் தெரியாதுதான். உன்னை ஹெலிகாப்டரில் ஏற்றிப்போன வாரம், நொண்டிக்கொண்டிருந்த அபூத்தைப் பார்த்துப் பாவம் என்று முதல் துண்டை அதற்குப் போட்டேன். தலைவன் கெர்னெக் இருக்க, வேறொரு நாய்க்கு முதல் துண்டா? அது சங்கிலியையே பிடுங்கிக்கொண்டு பாய்ந்து அபூத்தின் காதைக் கிழித்துவிட்டது. காயத்துக்கு மருந்து போட்டு வீட்டுக்குள் படுக்கவைத்தேன். அடுப்புச் சூட்டில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, என் தரையெல்லாம் வாந்தி எடுத்தது. வெளியே விட்டதும் பனியில் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது. அந்த ரோமத்துக்கு வீடு ஆகாது என்று நீ ஒருநாளாவது எனக்குச் சொன்னதுண்டா? இப்போது கெர்னெக்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் முதல் துண்டு அதற்குத்தான்.

கடல் உறைந்ததும் நாய்களைச் சறுக்கு வண்டியில் பூட்டினேன். என்னை ஊரைச் சுற்றி இழுத்துப்போய்க் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டன. சர்க்கரை வாங்க இவ்வளவு நாய் வேணுமா என்று கடைக்காரி கேட்டாள். சிரிக்காத ஆள் இல்லை. உன்னைப் போலத் தொண்டையை இறுக்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் தலையைத் திருப்பி உன்னைத் தேடின. அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அழுதுவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் குரலிலேயே கத்தினேன். அன்று போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. இப்போது போகின்றன. உறைந்த கடலில் துளை போட்டு இறக்கியிருக்கும் தூண்டில் கயிறு வரைக்கும் போய் வண்டி நிறைய ஹாலிபட் மீன் கொண்டுவருகிறேன். கடைக்காரி இப்போது என்னிடம்தான் மீன் வாங்குகிறாள், வாயைத் திறப்பதில்லை.

ஊருக்கே வரமாட்டேன், ஆஸ்பத்திரி இருக்கும் நூக் நகரத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றாயாம். வண்டியில் பொதி மாதிரி உட்கார வெட்கமாம். இத்தனை வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து வந்தேனே, அப்போது நான் பொதியா? எனக்கு வெட்கமாக இருக்கவில்லையே. நான் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வா, கேட்டுக்கொள்கிறேன். உன் காலுக்காக அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். உனக்காகவும் என்னை அழவைக்காதே.

நீ மிதிக்கும் பனியெல்லாம் கெட்டியாக இருக்கட்டும். பக்கத்துப் பெரிய ஊரில் ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு நானே நாய்களை ஓட்டிக்கொண்டு வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பு. இழுக்கிற அன்று காலையில் அவற்றுக்குத் தீனி போடக் கூடாது. நீ வருவாயா மாட்டாயா என்று தெரியாமல் அவற்றைப் பட்டினி போட என்னால் முடியாது.

உன்
பிபாலுக்