தையல் கடையில் ஒரு ரஷ்யப் பரீட்சை

அப்பா,

இன்று காலையும் விடுதி வாசலில் காவல்காரம்மா என்னை நிறுத்தினாள். வந்த நாளிலிருந்து தினமும் என் முகத்தைப் பார்க்கிறவள். நேற்றுகூட அவளுக்குக் கடையிலிருந்து பால் வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் அடையாள அட்டையைக் காட்டாமல் உள்ளே விடமாட்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அட்டையிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. பாறசாலை பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்பீர்களே, அதே பார்வை.

டிக்கெட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் பரிசோதனை நிற்கவில்லை. மீன்காரியின் தராசிலிருந்து டாக்டர் எழுதிய மாத்திரை வரை எல்லாமே உங்களுக்குச் சந்தேகம்தான். அப்படிப்பட்டவரிடம் போய், ரஷ்யாவுக்கு மொழி படிக்கப் போகிறேன் என்றேன். நம் பக்கத்தில் ரஷ்யா என்றால் டாக்டர் படிப்பு. வேறு எதற்கும் அங்கே யாரும் போனதாகக் கேள்வியில்லை. உதவித்தொகை உண்டு, நாம் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்றதும் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

“சும்மா படிப்பிக்க அவனுவளுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றீர்கள்.

அம்மா அழுது அடம்பிடித்ததால்தான் அனுப்பினீர்கள். முதல் வருடம் முழுக்க போனில் விசாரணை. அம்மா எடுத்ததும் “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்டுவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுவாள். குளிர்காலத்தில் இருட்டோடுதான் வகுப்புக்குப் போகிறோம் என்றேன். “காலத்த ஒம்பது மணிக்கு இருட்டா? எனக்கிட்ட கள்ளம் பறையாத.” கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணி உச்சரிப்புப் பழகுகிறோம் என்றேன். “கண்ணாடி பாக்கதுக்காக்கும் ஒன்ன அங்க விட்டது?” ரஷ்யாவுக்குப் படிக்கப் போன அம்பூரிப் பையன் ஒருவன் ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறான் என்று யாரோ சொன்னதிலிருந்து, நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பவில்லை.

விடுமுறைக்கு வந்ததும் என் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். இனி போக வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். திரும்பப் போகாவிட்டால் என் இடம் போய்விடும். அம்மாவும் கெஞ்சிப் பார்த்தாள். நீங்கள் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

ஒரு நாள் காலையில், “மக்களே, கெளம்பு. கோவளம் வரை போயிட்டு வருவோம்” என்றீர்கள். மாப்பிள்ளை பார்க்கத்தான் கூட்டிப் போகிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் மகளல்லவா! வேண்டுமென்றே பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தேன். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறினோம்.

கடற்கரைச் சந்துக்குள் ஒரு தையல் கடையில் போய் நின்றோம். நீங்கள் பரிசோதிக்க ஏறும் பஸ்ஸில் நாள்தோறும் வந்துபோன தையல்காரர், கடற்கரைக்கு வரும் ரஷ்யக்காரர்களுக்குத் தைத்துத் தைத்து ரஷ்யன் கற்றவராம். “இவளுட்ட ரஷ்யன் பேசிப் பாரும் ஓய்” என்றீர்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

அவருக்குத் தெரிந்தது விலையும் அளவும் மட்டும். நான் மரியாதையாக, எத்தனை காலமாக இந்தத் தொழில் செய்கிறீர்கள் என்று ரஷ்யனில் கேட்டேன். அவர் விழித்தார். இன்னொன்று கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உங்களிடம் திரும்பினார்.

“சாறே, இந்தப் பிள்ளை பறையுதது எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. இது ரஷ்யன் இல்ல, வேற என்னமோ பாஷையாக்கும்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவரைப் பார்ப்பது போலத்தான். இந்த ஆளின் வாயால் என் படிப்பே போகப்போகிறது என்று நினைத்தேன்.

நல்ல வேளையாக, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வயதான ரஷ்யக்காரி ஒருத்தி வந்தாள். கை இறுக்கம் என்று அவள் சொல்ல, தையல்காரர் நன்றாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்து விளக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவளாம். வந்த நாள் முதல் விலையைத் தவிர யாரும் தன்னிடம் எதுவும் பேசவில்லை என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவ என்னத்துக்கு கரையா? நீ என்ன சொன்ன?” என்று பாய்ந்தீர்கள். சொன்னேன். நம்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிள்ளைய எத்தனை உண்டுன்னு கேளு” என்றீர்கள். கேட்டேன். அவள் வாயால் பதில் சொல்லிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள். மொழியே தெரியாமல் சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஆணா பெண்ணா?” போனில் படம் காட்டினாள், இரண்டும் ஆண். “கூட ஆரும் வரல்லியா?” இல்லையென்று தலையாட்டினாள். “கட்டினவரு?” அவள் ஒரு விரலால் வானத்தைக் காட்டினாள். அடுத்து, “நேரத்துக்கு ஆகாரம் ஒக்க கிட்டுதான்னு கேளு மக்களே” என்றீர்கள். அதற்கு முன்பே பரீட்சை முடிந்துவிட்டிருந்தது.

திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை: “அந்தத் தையல்காரன் சுத்தக் கள்ளனாக்கும்.” வீட்டுக்கு வந்ததும் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களிடம் சொன்னதேயில்லை.

உங்கள் சந்தேகம் அப்படியே என்னிடம் வந்துவிட்டது, அப்பா. இங்கே கடைக்காரர் சிரித்தால் மிச்சக் காசை எண்ணுகிறேன். பேராசிரியர் பாராட்டினால் பின்னால் வேறு யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன். அண்ணன் கூப்பிட்டு, “அப்பா போயிட்டாரு” என்றபோதும் நான் நம்பவில்லை. என்னை ஊருக்கு வரவழைத்துக் கல்யாணம் பேச நீங்கள் போட்ட திட்டம் என்றே நினைத்தேன். அவனைத் திட்டினேன். அத்தை பேசினாள், அவளையும் திட்டினேன்.

கடைசியில் போனை அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா “சாப்பிட்டியா” என்று கேட்கவில்லை. அப்போதுதான் நம்பினேன்.