கம்பம் சாயவில்லை

தென்காசி,
வெகுதானிய வருஷம், ஆடி மாதம்.

பினாங்கில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் பிச்சம்மாள் எழுதுவது. மேன்மை தங்கிய என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன். நானும் குழந்தை சந்தனமாரியும் சுகம். அவளுக்குக் கொஞ்சம் ஜலதோஷம், சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஆனி முழுக்கச் சாரல் இல்லை. குற்றாலத்தில் அருவிக்கரைக் கடைகள் எல்லாம் ஈ ஓட்டின. உங்கள் அண்ணாச்சி சங்கிலிப்பாண்டிக்கு எண்ணெய்க் கடையில் வியாபாரம் இல்லாத எரிச்சல். அதை என் தலையில் இறக்கினார். நீங்கள் நட்டுவிட்டுப் போன ரேடியோக் கம்பத்தை நான் கயிறு இழுத்துச் சுற்றிச் சுற்றி மேகத்தை விரட்டிவிட்டேனாம். போன தடவை சாரல் பொய்த்தபோது எந்தக் கம்பம் நின்றது என்று கேட்டேன். கம்பத்தை அறுத்தால் கடைப் பந்தலுக்கு நல்ல கால் ஆகும் என்றார். அதுதான் விஷயம்.

பிறகு சாரல் வந்தது. வந்த வாரத்திலிருந்து உங்கள் குரல் போயிற்று. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் நீங்கள் அங்கிருந்து ரேடியோவில் என்னைக் கூப்பிடுவதும், பேச லைசென்ஸ் இல்லாத நான் கேட்டுவிட்டுக் கடிதத்தில் பதில் எழுதுவதும் நாம் பேசி வைத்த ஏற்பாடு. நானும் தவறாமல் செட் முன்னால் உட்கார்ந்தேன். இரைச்சல்தான் வந்தது. பேட்டரியை அரிசி மில்லுக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றி வாங்கினேன். வால்வுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கம்பத்தைத் திருப்பும் கயிற்றின் முடிச்சு, நீங்கள் சுவரில் பினாங்கு என்று எழுதிய கோட்டில்தான் இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்து உங்கள் சிநேகிதர் காஜா அண்ணன் பேசுவது மட்டும் எப்போதும் இல்லாத அளவுக்குக் கணீரென்று கேட்டது. எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் அண்ணாச்சிக்குப் பிடிபட்டுவிட்டது. அரிவாளோடு வந்து முற்றத்தில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "பேசணும்னு நெனச்சாத்தானே கேக்கும்? அவன் அங்கன ஆளே மாறிட்டாம்மா. இன்னும் எதுக்குக் கம்பம்?" என்றார். அன்று ராத்திரி நான் அழுதேன். மறைப்பானேன்? ஆனால் காலையில் எழுந்ததும், குறை கம்பத்தில் இருக்கிறதா ஆளில் இருக்கிறதா என்று பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ஏரியல் கிழக்கே பார்க்காமல் கொழும்புப் பக்கம் பார்த்து நிற்கிறது! மத்தியானம் வெயில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கிழக்கே திரும்பிவிட்டது. நீங்கள் பங்குனி வெயிலில் நூல் கயிறு கட்டி, அந்தக் காய்ந்த கயிற்றை அளந்து சுவரில் கோடு போட்டீர்கள். நனைந்தால் நூல் கயிறு சுருங்கும் என்பது துணி காயப்போடுகிற எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை. கயிறு சுருங்கச் சுருங்க மேலே கம்பத்தில் நீங்கள் மாட்டிய வண்டிச் சக்கரம் திரும்புகிறது, அதோடு கம்பமும் திரும்புகிறது. முடிச்சு மட்டும் பினாங்கிலேயே இருக்கிறது.

சைக்கிள் கடை சேக் தாவூது அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை மனிதர். கயிற்றுக்குப் பதில் முறுக்குக் கம்பி கட்டச் சொல்லி, அளந்து வெட்டியும் கொடுத்தார். ஏணி போட்டு ஓட்டுமேல் ஏறி நானே கட்டினேன். பொம்பளை கூரையில் ஏறினால் ஊர் சிரிக்கும் என்று கீழே நின்று குதித்தார் உங்கள் அண்ணாச்சி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு ஏணியைப் பிடிக்கட்டும் என்றேன். அவரே பிடித்தார். அரிவாளோடு வந்தவரை ஏணி பிடிக்க வைத்திருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நல்ல சாரல். ஏரியல் அசையவில்லை. உட்கார்ந்தேன். உங்கள் குரல் வந்தது. எதிர்வீட்டில் பேசுகிற மாதிரி வந்தது. சந்தனமாரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. காஜா அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றி ஏதோ கேட்டார் போல. உங்கள் பதில் முழுதாகக் கேட்டது. "இப்பல்லாம் வீட்டுல யாரும் கேக்கிறதில்ல காஜா. கம்பம் சாஞ்சு போச்சுன்னு வச்சுக்கோயேன்" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். பிறகு பினாங்கில் மழை என்றீர்கள்.

ஏன் அப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? கம்பம் சாய்ந்தது என்று உங்கள் அண்ணாச்சி எழுதியிருந்தால் சொல்லுங்கள், அவரை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். நீங்களாகச் சொன்னது என்றால், காஜா அண்ணனிடம் சொல்லாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். என்னவானாலும் என் காதில் நேராக விழட்டும். தாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைத்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை, பிச்சம்மா என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். அதற்குமேல் பேச விஷயம் இல்லாவிட்டால் வேண்டாம். கூப்பிடவில்லை என்றால், ரேடியோவில் பேச என் பேரில் நானே லைசென்ஸ் கேட்டு மனுப் போடுவேன். பரீட்சை வைத்தால் எழுதுவேன். அதன்பிறகு இங்கிருந்து நான் கூப்பிடுவேன். அப்போது உங்கள் கம்பம் சாய்ந்துவிட்டது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பண்பொழிக் குமாரசாமி உங்களுக்கு நல்ல சுகத்தையும், என் பேரைச் சொல்ல நல்ல தொண்டையையும் கொடுக்கட்டும்.

கேட்டுக்கொண்டே இருக்கும்,
பிச்சம்மாள்