சீராகக் கொடுத்த ஸ்பிரிங் பட்டைகள்

தாராபுரம் ரோட்டுக்குக் கிழக்கே கிடக்கும் அத்தனை இட்டேரி வண்டித்தடங்களையும் ஒற்றை ஜீப்பில் கட்டி ஆண்ட சக்கரவர்த்தி, என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது எட்டு ஊருக்குக் கேட்கும்படி கத்திய என் தங்க மாப்பிள்ளை செல்லமுத்துவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் உன் மாமன் ஒரு புளுகுகூட விடவில்லை. நம்புவாயா? முன்னெல்லாம் திருப்பூர் ராயபுரம் டீக்கடையில் என் தலை தெரிந்தாலே, "வாங்க மாமா, இன்னைக்கு எந்த யானை பறந்துச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து உட்காருவார்கள். இப்போதும் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. டீயில் ஆடை கட்டும்வரை நானும் வாயைத் திறப்பதில்லை.

ஊர்ச் சேதி சொல்லட்டுமா? பருத்தி வரத்து ஆரம்பித்துவிட்டது. ஜின்னிங் மில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நீ போய்ப் பருத்தி விலைபேசிப் பிடித்த மூலனூர்ப் பக்கத்துக் காடுகளுக்கு இப்போது வேறு யாரோ போகிறார்கள். நீ போன அன்றைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் மெஷின்கூட ஓடாது, சூரியனே மேற்கொண்டு நகராது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம்கூட எதுவும் நிற்கவில்லை மாப்பிள்ளை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி ஊர் பேசிய பேச்சு பொய். அந்தப் பொய்யை ஊர் முழுக்கக் கேட்கும்படிதான் திருப்ப வேண்டும்.

உன் கல்யாணத்துக்கு என்ன சீர் வேண்டும் என்று கேட்டேன். மோதிரம் கேட்பாய் என்று நினைத்தால், "மோதிரமெல்லாம் வேண்டாமுங்க மாமா. பருத்தி மூட்டை ஏத்துனா ஜீப்பு பின்னாடி எருமையாட்டப் படுத்துக்குது. ஸ்பிரிங் பட்டை சேத்துக் குடுங்க. முன்னாடி ரெண்டு லைட்டும் வெச்சுக் குடுங்க, போதும்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூவேந்தர் காலம் தொட்டு எந்தத் தாய்மாமனும் ஜீப்புக்குச் சீர் செய்ததில்லை என்று அன்றைக்கே டீக்கடையில் பிரகடனம் செய்தேன்.

பட்டறையில் ஆசாரி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி ஒரு பக்கத்துக்கு ஒம்பது பட்டை இருக்குதுங்க. இன்னும் ஒண்ணு சேத்தாப் போதுமுங்க."

"ஒம்பதும் ஒண்ணும் பத்து. ரெட்டைப்படையில சீர் வெக்கற தாய்மாமனை எங்காச்சும் பாத்திருக்கீங்களா ஆசாரியாரே? ரெண்டாப் போடுங்க. பதினொண்ணு."

"மூட்டை இருக்கறப்பச் சரிங்க. காலி வண்டியில அது துள்ளுமுங்க. ஸ்டேரிங்கைக் கையிலிருந்து புடுங்கிப்போடும்."

"துள்ளட்டுமுங்க! என் மாப்பிள்ளை புலியைக் குடுத்தாலும் கடிவாளம் போட்டு ஓட்டுவான்!"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆசாரி சிரிக்கவில்லை. அதை நான் அன்றைக்கே பார்த்தேன்.

பட்டைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, லைட்டுகளைத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு ஏந்தி, மேளம் முழங்க வந்தேன். உன் அம்மா நாச்சம்மாள், என் கூடப்பிறந்தவள், வாசலில் நின்று, "அண்ணா, இது சீர்த்தட்டா, பழைய இரும்புக்கடையா?" என்று கேட்டாள். பந்தலே சிரித்தது. மறுவாரம் எல்லாவற்றையும் மாட்டினோம். அந்த லைட்டைப் போட்டால் பழனி மலை மயில் கண் கூசித் திரும்பிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொன்னேன். ரெண்டையும் சேர்த்துப் போட்டால் ஹாரன் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து நீ வந்தாய். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே கேட்டாய்.

"ஏனுங்க மாமா, மூட்டையோட வர்றப்பத் தேராட்டம் வருதுங்க. காலியாப் போறப்பத்தான் துள்ளுது. பக்கத்துக்கு ஒரு பட்டை கழட்டிப்போடலாமுங்களா?"

"தாய்மாமன் வெச்ச சீரைக் கழட்டுவியா? நாளைக்குத் தாலியில ரெண்டு இழை கொறைக்கலாமுங்களான்னு வந்து கேப்பியாடா?"

"சரிங்க மாமா" என்றாய். அவ்வளவுதான். ஏன் கண்ணு அப்படிச் சொன்னாய்? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா? 'போய்யா புளுகு மாமா' என்று நேராகப் பட்டறைக்குப் போயிருக்கக் கூடாதா? யார் உனக்கு அவ்வளவு மரியாதை சொல்லிக் கொடுத்தது?

அவிநாசிபாளையம் தாண்டி, கள்ளிவேலி நடுவே போகும் வண்டித்தடத்தில், காலை வெயிலில் பருத்தி ஏற்றப் போனாய். காலி வண்டி. வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது கவிழ்ந்தது. காட்டு வேலைக்குப் போன சனம் ஓடி வந்து தூக்கியபோது உன்னிடம் மூச்சில்லை.

அன்றைக்கே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. புது மாப்பிள்ளை, லைட்டு வைத்த ஜீப்பு, கண்ணு மண்ணு தெரியாமல் பறந்திருக்கிறான் என்று. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உன் பெண்டாட்டி சரசு மட்டும் என்னிடம் வந்து, "அவரு வேகமாத்தான் போனாருங்களா, பெரீப்பா?" என்று கேட்டாள். தரையைப் பார்த்தேன்.

உன் அம்மா அழவே இல்லை மாப்பிள்ளை. கோபமாக இருக்கிறாள். "மெதுவாப் போடா மெதுவாப் போடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?" என்று உன்மேல்தான் கோபம். உன் போட்டோவைச் சுவரில் மாட்ட விடவில்லை. செத்த பிள்ளையோடு பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரு தாய் இருக்கிறாள். அதைச் செய்தது நான்.

போன வாரம் ஆசாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே தடத்தில், நிமிர்த்திப் பழுது பார்த்த உன் ஜீப்பைக் காலியாக ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக என்றால், பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர், "ஏனுங்க, வண்டி கெட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு எங்களைத் தாண்டிப் போனார். இதில் புளுகு ஒரு துளி இல்லை. அந்த மதகு மேட்டில் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டன. ஸ்டேரிங் என் மணிக்கட்டைத் திருகிக்கொண்டு சுழன்றது. வேலிக்கள்ளியில் முட்டி நின்றோம்.

நீ வேகமாகப் போகவில்லை.

அன்றைக்கே பட்டறையில் பக்கத்துக்கு ஒரு பட்டை கழட்டினோம். அரை நாள் வேலை. இப்போது பத்துதான் இருக்கிறது. ரெட்டைப்படை. வானம் இடிந்து விழவில்லை, யார் தாலியும் அறுந்து விழவில்லை. அரை நாள், மாப்பிள்ளை.

சாயங்காலமே உன் அம்மாவிடம் ஓடினேன். பாதி சொல்வதற்குள், "செத்தவனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கறதுக்குமாண்ணா புளுகுவ?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஊரில் யானை பறந்ததை நம்பியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நிஜத்தை எடுத்துக்கொண்டு போனேன், அதை வாங்க ஆளில்லை. யாரைக் குற்றம் சொல்வேன்?

நாளைக்கு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போவேன். அவர் எச்சரித்ததை அவர் வாயாலேயே சொல்வார். நீ துண்டோடு நின்று கேட்டதை நான் சொல்வேன். நாளைக்கும் நம்பவில்லையென்றால் மறுநாள் போவேன், அதற்கு மறுநாளும் போவேன். நம்பிவிட்டால் அவள் என்னை அந்த வாசலில் ஏற்ற மாட்டாள் என்று தெரியும். ஏற்ற வேண்டாம். அவள் கோபம் உன்னை விட்டு என்மேல் வந்து விழட்டும். அவள் உன் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை வாய்விட்டு அழட்டும். அதைத் தெருவில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இது சத்தியம்.

இனி உன் அம்மாவுக்கு அண்ணனாக இருக்கப்போகாத,
உன் தாய்மாமன்,
ஆறுமுகம்