ராமிரோவின் சோளக்காடும் அப்பாவின் வாக்கும்

செத்து மூணு மாசமாகியும் வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருக்கிற என் அருமை அப்பாவுக்கு,

உங்க போன் என்கிட்டதான் இருக்கு. இங்கே சான் அன்டோனியோ வீட்டுல எல்லாரும் சௌக்கியம். உங்க சட்டைகளை அம்மா இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கலை.

போன சனிக்கிழமை உங்க போனுக்கு ராமிரோ மெசேஜ் அனுப்பியிருந்தார். ஞாபகம் இருக்கா? மெக்சிகோவில் உங்க கம்பெனி கட்ட இருந்த கார் ஒயர் ஃபேக்டரிக்குச் சோளக்காட்டைத் தர மாட்டேன்னு கடைசிவரைக்கும் நின்னவர். உங்க ஸ்பானிஷ் ‘ஓலா’ங்கிற ஒரு வணக்கத்தைத் தாண்டாதுன்னு, ஸ்கூல்ல ஸ்பானிஷ் படிக்கிற என்னை லீவுல கூட்டிட்டுப் போனீங்க. அவர் வீட்டு மேஜையில, அவர் காட்டுச் சோளத்துல சுட்ட ரொட்டியைத் தின்னுக்கிட்டே சொன்னீங்க: “நானும் விவசாயி மகன்தான். நிலத்தைக் கொடுங்க, உங்க பொண்ணு லூப்பேக்கு நிரந்தர டெக்னீஷியன் வேலை. என் பொறுப்பு.”

ஸ்பானிஷ்ல அதைச் சொன்னது நான். கையெழுத்துப் போடும்போது அவர் பார்த்தது என் முகத்தை.

அதே வாரம் நம்ம சொந்த ஊர் கோபியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டு, நம்ம காட்டை ஒரு மில்லுக்காரங்க கேக்கறாங்கன்னார். “சோறு போட்ட மண்ணை எவனாச்சும் விப்பானாண்ணா?”ன்னீங்க. நல்லவேளை, அதை மொழிபெயர்க்கச் சொல்லலை.

மக்காச்சோளம் விளைஞ்ச இடத்துல இப்போ மக்காத ஒயர். ராமிரோ ரொட்டி மாவைக் கடையில வாங்குறார். லூப்பேயை ஒயருக்கு டேப் சுத்தத்தான் விட்டாங்க, அதுவும் கான்ட்ராக்ட்ல. வெள்ளிக்கிழமையோட அதையும் நிறுத்திட்டாங்களாம். “இஞ்சினியர் சார், கம்பெனியில நீங்கதான் கொஞ்சம் பேசணும்”னு ராமிரோ கெஞ்சியிருந்தார். நீங்க போன விஷயத்தை அவருக்கு யாருமே சொல்லலை.

குறும்பா, பழக்கதோஷமா, தெரியலை. உங்களை மாதிரியே “நான் பார்த்துக்கறேன்”னு பதில் போட்டுட்டேன். உடனே எழுதினார்: “கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.”

சிரிப்பு வந்துச்சுப்பா. பாதியிலயே நின்னுடுச்சு.

உங்ககூட வேலை பார்த்த செந்தில் அங்கிள்கிட்ட கேட்டேன். பேப்பர்ல இல்லாத வாக்கு கம்பெனிக்கு வாக்கே இல்லைன்னார். அம்மா கோபப்படலை. “விடு கண்ணு, செத்தவர் பேரை எதுக்கு இழுக்கறே?”ன்னு மட்டும் கேட்டாங்க.

அன்னிக்கு அது நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? இல்லை, நிஜமாவே நம்புனீங்களா? இதுல எது உண்மையா இருந்தா என் கோபம் குறையும்னுகூட எனக்குச் சொல்லத் தெரியலை.

நாளைக்கு ராமிரோவைக் கூப்பிட்டு, நீங்க இல்லைன்னும், அந்த மெசேஜைப் போட்டது நான்தான்னும் சொல்லிடறேன். அப்புறம் அந்த மேஜையில நீங்க சொன்னதை வார்த்தை மாறாம எழுதி, கீழே சாட்சின்னு என் பேரைப் போட்டு, கம்பெனிக்கும் லூப்பேக்கும் அனுப்புவேன். வேலை கிடைக்குமான்னு தெரியாது. உங்க பேரு கெடும்னு தெரியும். ஆனாலும் அனுப்புவேன், சத்தியம்.

அந்த மேஜையில் உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்த மகள்,
நிலா