எங்கள் விலாசத்து மான் உரிமம்

கல்லியோ ஏரி, மினசோட்டா
செப்டம்பர் 14

அன்பு மகன் டௌனோவுக்கு,

அன்று ஊர்க்கூடத்தில் இருந்தவர்கள்: நான், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உன் அப்பா, எதிர்வீட்டு எல்மி, மின்கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த டானா. வேறு ஈ காக்கை இல்லை.

பழைய சுரங்க மேட்டில் சூரிய மின்தகடுகள் நட்டிருக்கிறார்களே, அதில் வருமானம் குறைந்த வீடுகளுக்குப் பங்கு தருகிறார்கள். கிடைத்தால் கரண்டு பில் பாதியாகும். அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. இந்தப் பில்லோடு இன்னொரு குளிர்காலம் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

எங்கள் ஓய்வூதியத்தைப் பார்த்து டானா சரியென்று தலையாட்டிவிட்டாள். அப்போது எல்மி வாயைத் திறந்தாள்.

"ஏ ஐலி, உன் மகனும் உங்க வீட்டு விலாசந்தானே? அந்த விலாசம் போட்ட மான் வேட்டை உரிமத்தை எல்லார்கிட்டயும் காட்டினானே, உள்ளூர்க்காரன்னு!"

"அப்போ அவர் சம்பளமும் சேரும்மா. வரம்பு தாண்டிடும்," என்றாள் டானா.

"அவன் எண்ணெய்க் கிணத்துல சம்பாதிக்கிறான். அதுல ஒரு உருளைக்கிழங்கு எங்க வீட்டுப் படியேறினதில்ல!" என்றேன் நான்.

எல்மி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வடக்கு டகோட்டாவில்தான் குடியிருக்கிறாய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு, ராசா. அக்டோபர் கடைசிவரை பொறுப்பார்களாம்.

உன் அம்மா,
ஐலி

வில்லிஸ்டன், வடக்கு டகோட்டா
அக்டோபர் 9

அன்புள்ள அம்மா,

கோபப்படாதே. அப்படி எழுதிக் கொடுத்தால் என் உள்ளூர் உரிமம் போய்விடும். பிறந்த காட்டிலேயே நான் வெளியூரானா? அப்பாதான் எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தந்தார், அவருக்குப் புரியும். இந்த வருஷம் எப்படியாவது சமாளி. அடுத்த வருஷம் பார்ப்போம்.

பாசமுள்ள,
டௌனோ

கல்லியோ ஏரி
நவம்பர் 25

டௌனோவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "விடுடி, பையன் மானடிக்கட்டும்," என்றார். அக்டோபரோடு அந்தப் பங்கும் போனது. மெஷினோடு அவரை நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவந்தேன். திரும்பி வர முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் இப்போது அந்த இரைச்சல் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

வேட்டைக்கு வந்தாய். அவரைப் பார்க்கப் போகவில்லை. எல்மி மூலம் நீ கொடுத்தனுப்பிய மான் கறி சாசேஜை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டானா சட்டத்தைச் சொன்னாள். எல்மி உள்ளதைச் சொன்னாள். ஆனாலும் அவள் வீட்டுக் காப்பி இனி எனக்கு இறங்காது. அப்பா மன்னித்துவிட்டார், அது அவர் குணம். எனக்கு அது வரவில்லை. சாகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். அது நீ,

டௌனோ.