செவ்வாய், சனி, ஒரு பாட்டுப் பெட்டி

நவம்பர் 4, செவ்வாய்

விடியும் முன்பே தூறல். கரிசலில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வருவதில்லை. நல்லவேளை, காரை நேற்றே தார்ரோட்டில் நிறுத்தியிருந்தேன்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாயும் சனியும் கோவில்பட்டி. எட்டு மாதம் ஆகிறது. பசுவந்தனை தாண்டியதும் சொன்னார்:

"ஏட்டி, கார்த்திகை பொறந்தா நான் வரமாட்டேன். ஐப்பசியோட சரி."

கோபமில்லை. விதைப்பு முடிந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் லாரி ஒன்றை முந்திக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "நிறுத்தினால் பதினைந்து நாள் தாங்குவது கஷ்டம்."

நவம்பர் 5, புதன்

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்க இதே யோசனை. பேக்கிங்கில் இரண்டு பண்டல் எண்ணிக்கை தவறியது. நானே மேஸ்திரி, யாரைத் திட்ட?

காரணம் எனக்குத் தெரியும். அப்பா மாடசாமி கோயில் சாமியாடி. முப்பது வருஷமாகக் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது சாமி அவர்மேல்தான் வரும். இந்தச் சித்திரையில் வரவில்லை. உடுக்கை அடி அடியென்று அடித்தார்கள், அப்பா மரம்போல நின்றார். "ஊசி குத்துன ஒடம்புக்கு அவன் வரமாட்டான்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடு பாதி, பேச்சு கால்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வீட்டில் இருந்தால் ஆடு, குட்டி என்று ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் டிவி ஓடும். காரில் போகிற முக்கால் மணி நேரம்தான் சத்தமே கிடையாது. 'வரமாட்டேன்' பேச்சு எப்போதும் அங்கேதான் வருகிறது. காரில் பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது, பழைய ஓனர் கழற்றிக்கொண்டார்.

அந்த ஓட்டையை அடைக்கப் போகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோவில்பட்டி கடை. பெட்டி ஒன்று, கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடி.

"மாட்டுறதுக்கு அடுத்த வாரம் வாங்கக்கா. ஆளு லீவு."

"நானே மாட்டிக்கிடுதேன் அண்ணாச்சி."

"வயரு சமாச்சாரம்க்கா. வீட்டுல ஆம்பளையாளு இருந்தா வரச் சொல்லுங்க."

"நான் டிப்ளமா எலெக்ட்ரிக்கல்."

"அது வீட்டு கரண்டு. இது காரு கரண்டுல்லா."

வாயில் வந்ததைச் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். இனி இதை நான்தான் மாட்டுவேன்.

வேண்டியவை: டெஸ்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டேப், பழைய துணி. அம்மா பக்கத்தில் வராமல் இருக்க ஒரு வழி.

நவம்பர் 7, வெள்ளி

அரை நாள் லீவு. வெயில். வேப்பமரத்தடியில் காரை விட்டு டாஷ்போர்டைப் பிரித்தேன். உள்ளே எலிப்புழுக்கை, ஒரு கடலைமிட்டாய்த் தாள், யாரோ தொலைத்த ஹேர்பின்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுன காரு வயித்தக் கிழிச்சுப் போட்டிருக்கா, பாருங்க" என்றாள். அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

கறுப்பு எர்த். மஞ்சளுக்கு எந்நேரமும் கரண்டு வேண்டும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். சாவி வயரைத் தேடி அலுத்துப்போய் இரண்டையும் சேர்த்து முறுக்கி பேட்டரி வயரிலேயே கொடுத்துவிட்டேன். பாடியது! கதவு ஸ்பீக்கரும் மாட்டியாயிற்று. அம்மாகூடச் சிரித்தாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்க்கப் போனேன்.

நவம்பர் 8, சனி

கார் செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைத்தேனே தவிர பெட்டியை அணைக்கவில்லை. சிவப்பை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் சாவியோடு அதுவே அணைந்திருக்கும். இருக்கிற பேட்டரியைக் குடித்துவிட்டது. என் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பா முன் சீட்டில் இருந்தபடி, "சகுனம் சரியில்ல. எறங்கிருதேன்" என்றார். காலைக்கூட வெளியே வைத்துவிட்டார்.

"காலை உள்ள வைங்கப்பா. தள்ளியாவது கொண்டு போயிருவேன்."

பக்கத்து வீட்டு மாரியப்ப அண்ணாச்சி, ஆடு பத்திக்கொண்டு வந்த இரண்டு பேர், பின்னால் அம்மா. இரண்டாவது கியர், கிளட்சை விட்டேன், குலுங்கிப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில்கூட எஞ்சினை அணைக்கப் பயம். நர்ஸ் வந்து அப்பாவைக் கூட்டிப்போனார். வண்டியை அப்படியே பேட்டரிக் கடைக்கு விட்டேன்.

சாயங்காலம் அம்மா ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை கார் டாஷ்போர்டில் செருகினாள். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தேன். ஃபியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வயராக டெஸ்டர். பதினோராவது, சாவி போட்டால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. சிவப்பு அங்கே. முதுகு போயிற்று. சாவியைப் பத்துத் தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

போகும்போது பழைய சினிமாப் பாட்டு.

"கொறைச்சு வையி. தல வலிக்கு."

திரும்பும்போது, "நிப்பாட்டு ஏட்டி." கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் சனிக்கிழம ஒண்ணுதான்."

இதற்கா இவ்வளவு பாடு? பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற சாக்கில் இறங்கி அழுதேன். எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

போனில் துழாவும்போது கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின கொடையில் நான் பதிவு செய்த வில்லுப்பாட்டு, மாடன் கதை, ஒரு மணி நேரத்துக்கு மேல். பென்டிரைவில் ஏற்றினேன். போனில் கேட்டால் கொசு கத்துகிற மாதிரி. அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சனிக்கிழமை இதைப் போடுவேன். விடுவதாக இல்லை.

நவம்பர் 15, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போகும்போது அப்பா தூக்கம். நாலு மணி நேரம் மெஷின். வழக்கம்போலக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெல்ட் போட்டுவிட்டேன். ஊர் தாண்டியதும் கதையைப் போட்டேன். புது ஸ்பீக்கரில் குடம் அடிக்கிற அடி சீட்டையே உதறியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். புத்திசாலி நான்!

மாடன் வேட்டைக்குப் புறப்படுகிற கட்டம். உடுக்கை ஏறியது. முதலில் முழங்கால், பிறகு தோள். திரும்பிப் பார்த்தால் அது அப்பாவின் கண் இல்லை. "ஓ" என்று ஒரு சத்தம், கார் கண்ணாடி அதிர்ந்தது. பெல்ட்டை இழுத்துக்கொண்டு எழும்பப் பார்க்கிறார். தூக்கி நிறுத்த ஆள் வேண்டிய மனிதர்!

மக்காச்சோளக் காட்டோரம் நிறுத்திச் சாவியை எடுத்தேன். பாட்டு நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு சிவந்துகொண்டே வந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்து, வலது கையால் அம்மாவின் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்து நெற்றி நிறையப் பூசினேன். "சாமி, மலையேறுங்க. இந்த ஒடம்பு தாங்காது, மலையேறுங்க." கத்தினேனா கெஞ்சினேனா தெரியவில்லை.

தளர்ந்தார். ரத்தம் நின்றது. தண்ணீர் கேட்டார், இரண்டு மடக்கு கொடுத்தேன். சாமியாடியைப் பெல்ட்டில் கட்டி வைத்து அவர் சாமி கதையையே போட்டிருக்கிறேன். என்னைப்போல முட்டாள் ஊரில் உண்டா?

"அப்பா, மன்னிச்சிருங்க."

அவர் காதில் விழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே அழுதார்.

"வந்துட்டாம்லா ஏட்டி. ஊசிக் கைன்னு பாக்கல, வந்துட்டான்."

நவம்பர் 16, ஞாயிறு

நர்ஸிடம் போனில் திட்டு வாங்கினேன். நியாயம்தான். அம்மாவிடம் அப்பா மூச்சு விடவில்லை, நானும் இல்லை. மதியம் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. மழை. நாளைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டிருந்தது. கட்டிலில் அப்பாவைக் காணோம். ரோட்டுக்கு ஓடினேன். முன் சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருந்தார், காலெல்லாம் சேறு.

"எம்புட்டு நேரம் ஏட்டி?"

வண்டியை எடுத்தேன். பெட்டிப் பக்கம் என் கை போகவில்லை. அவரே சொன்னார்:

"கதையப் போட்றாத. ரோட்டுல வச்சு அவனக் கூப்பிடக் கூடாது. சித்திரையில வில்லு வைப்பாவள்ல, அங்கன நின்னு கேட்டுக்கிடுதேன். இப்ப சினிமாப் பாட்டு எதையாவது போடு."

சித்திரைக்கு இன்னும் ஐந்து மாதம். அவர் மெஷினில் இருந்த நேரத்தில் ஆபீசுக்குப் போய், இதுவரை வாரம் வாரம் கேட்டு வாங்கிய செவ்வாய், சனி லீவு அதுவரைக்கும் மொத்தமாக வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன்.